கள்ளியில் கட்டிய பஞ்சு

மொட்டைமாடியில் நின்ற தூண்கள்ளியின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தது. மாவுப்பூச்சி என்றே சென்னியப்பன் நினைத்தார். மனைவி துளசிமணி பத்தொன்பது வருடமாக வளர்த்த செடி. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பும்போது சுத்தமாக இருக்கட்டுமென்று கத்தியால் அடிவரை சுரண்டி, வேப்பெண்ணெய் தடவிவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளுடைய கட்டிலருகே அவர் போய் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"ஏனுங்க, என்ற கள்ளி இந்த வருசமாச்சும் பஞ்சு கட்டியிருக்குதுங்களா?"

"என்ன பஞ்சு?"

"ஒரு பக்கமா வெள்ளையாக் கட்டுமுங்க. பூவெல்லாம் அதுக்குள்ள இருந்துதான் வரும். வேற எங்கயும் பூக்காது."

"கட்டியிருக்குது," என்றார்.

மருந்து ஏறிக்கொண்டிருந்த கையை நகர்த்தி அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டாள். பல நாளாக அவர் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில் வந்திருந்தது.

"அப்ப, அது பூக்கறதுக்குள்ள என்னைய ஊட்டுக்கு உட்டுருவாங்களாங்க?"

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, கூட்டிப்போய்விடுங்கள் என்று டாக்டர் அவரிடம் காலையில்தான் சொல்லியிருந்தார்.

"நாளைக்கே போலாம் புள்ள," என்றார் சென்னியப்பன்.