ஒரு மூலக்கூறு கூடுதல்

"ஒரே வைட்டமினையே அந்த நொதி திரும்பத் திரும்பப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்குமா? அதுக்குச் சலிக்காதா?" என்று அவள் ஆராயும் நொதியைப் பற்றிக் கணவர் ஒருமுறை கேட்டார்.

"அது சலிச்சுக்கிட்டா உங்க ரத்தம் உறையாது. சவரம் பண்ணும்போது வெட்டிக்கிட்டா அவ்வளவுதான்."

"அப்போ அதுக்கும் உன்னை மாதிரி லீவே கிடையாதுன்னு சொல்லு."

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் இன்னும் அந்த நொதியைத்தான் கணினியில் அசைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைச் சுற்றி அவள் போட்டவை 41,216 தண்ணீர் மூலக்கூறுகள். அந்தக் கணக்கில் ஒன்று கூடவும் வழியில்லை, குறையவும் வழியில்லை. ஆனாலும் தினமும் காலையில் எண்ணினால் ஒன்று கூடுதலாக இருக்கும். நொதியின் மடிப்புக்குள், வைட்டமினை ஒட்டி, அசையாமல் இருக்கும். அதை அழித்துவிட்டுக் கணினியில் மறுபடி முதலிலிருந்து ஓட்டுவாள். மறுநாள் அதே இடத்தில் இருக்கும்.

"எட்டு மாசமாச்சு. இன்னிக்காவது அதை அழிச்சிட்டு அறிக்கையை அனுப்பும்மா. உன் முகத்தைப் பார்க்கவே முடியல" என்றார் துறைத் தலைவர்.

தலைவர் போன பிறகு அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தாள். கண் எரிந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி வரை கணவரிடம், "நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்று பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்க நினைத்ததைக் கேட்கவே இல்லை.

விரலை எடுத்துக்கொண்டாள்.

"போகாதீங்க," என்றாள் திரையைப் பார்த்து. "என்கூடவே இருங்க."