பின்னறைக்கு மட்டும் காற்று

"அவர் கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் பின்னறை ஏசி தானா ஓடணும். ஹால் ஏசி வேண்டாம். முடியுமாண்ணா?"

கேமரா மாட்ட வந்தவனுக்குச் சிரிப்பு வந்தது. பின்னறை மகளுடைய அறை. நாள் முழுக்க அலைந்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து வரும் மனுஷன் வந்து சாய்வது ஹாலில். இந்தம்மாவோ காற்றைக் கொண்டுபோய்ப் பிள்ளை அறையில் கொட்டச் சொல்கிறாள்.

"ஹாலுக்கும் சேர்த்தே போட்டுடலாம் மேடம். சார் பாவமில்லையா?"

"வேண்டாம். பின்னறை மட்டும் போதும்."

வீட்டுக்காரர் போனில் சொன்ன வேலை வேறு. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் ஏசி எல்லாம் தானாக அணைய வேண்டும். திரும்பி வந்து ஹாலில் இருக்கும் பேசும் பெட்டியிடம் ஒரு வார்த்தை சொன்னால் திருட்டு அலாரம் அடங்க வேண்டும். அவ்வளவுதான். தேன் ஒழுகும் குரல் அவருக்கு. வார்த்தைக்கு வார்த்தை 'பிரதர்'. அந்த வேலையை முடித்துச் சாமானைப் பையில் போடும்போதுதான் இவள் மெல்ல ஆரம்பித்தாள்.

அது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்று விளக்கினான். கேட் கேமராவுக்கு சார் முகத்தைப் பழக்கியாயிற்று. அது பேசும் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி பின்னறைச் சுவரில் ஏசியை ஓட்டும் தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்லும்.

"கூடவே 'சார் வந்துட்டார்'னு பெட்டி சத்தமா சொல்ற மாதிரியும் வெச்சுடலாம். நீங்க டீயோட வாசல்ல நிக்கலாம்."

"பேச வேண்டாம்ணா." சட்டென்று சொன்னவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இது சார் போனில் என்னவென்று காட்டும் என்று கேட்டாள். பின்னறை ஏசி ஓடுகிறது என்று காட்டும், வேறொன்றும் இல்லை என்றான். அதைக் கேட்டபிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"ஆனா ஒண்ணு மேடம். அவர் காரை நிறுத்திட்டுப் படியேறி வர்றதுக்குள்ள அறை எங்க குளிரப் போகுது?"

"குளிராட்டி பரவாயில்லை. அவர் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி ஓட ஆரம்பிச்சுடணும். ஒருநாள்கூட தவறக் கூடாது."

வசதி வந்தால் கிறுக்கும் துணைக்கு வந்துவிடும்போல என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது அவன் போன் அடித்தது. மனைவி. எப்போது வருவான் என்று கேட்டாள்.

"வேலை நேரத்துல கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? இரு, வந்து வெச்சுக்கறேன் உன்னை" என்று பல்லைக் கடித்தான். போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பி இளித்தான். "சொன்னா புரியாத ஜென்மம் மேடம்."

அவள் சிரிக்கவில்லை. அவனுக்காகக் கொண்டுவந்த தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

எல்லாவற்றையும் இணைத்தாயிற்று. சோதித்துப் பார்க்க சார் முகத்துக்கு எங்கே போவது? ஹாலில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றிக்கொண்டு கேட்டுக்குப் போனான். கேமரா மலிவு ரகம். அதற்கு ஆளும் ஒன்றுதான், படமும் ஒன்றுதான். மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பின்பக்கம் ஏசி உறுமியது.

"பார்த்தீங்களா மேடம்" என்று சொல்லிக்கொள்ளும் உற்சாகத்தில் படத்தோடு உள்ளே வந்தவன், பின்னறை வாசலில் அப்படியே நின்றான்.

அவள் தரையில், மகளுக்கு எதிரே, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் கலர் பென்சில் டப்பா.

"இந்தக் காத்து வந்தா என்ன செய்யணும்?"

"கதவைத் தாழ்ப்பாள் போடணும். கட்டிலுக்கு அடியில போகணும்."

"எப்போ திறக்கணும்?"

"நீ வந்து தட்டும்போது."

"அம்மா கத்தினா?"

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "அப்பவும் திறக்கக் கூடாது."

"சமத்து" என்று அவள் அதன் தலையைத் தடவினாள்.

அவன் அடிமேல் அடிவைத்து ஹாலுக்கு வந்தான். படத்தை ஆணியில் மாட்டினான். அவள் வந்தபோது நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டினான்.

"சார் கேட்டா..." என்று இழுத்தாள்.

"பூட்டும் ஏசியும் மட்டும்தான் மேடம். வேற எதுவும் நான் செய்யலை."

கேட்டைத் தாண்டும்போது கார் எதிரே வந்தது. கண்ணாடி இறங்கியது.

"முடிஞ்சுதா பிரதர்? வீட்ல உங்களுக்குத் தொந்தரவு ஒண்ணும் குடுக்கலையே?"

இல்லை சார் என்றான். கார் உள்ளே நுழைந்தது. பின்பக்கம் ஏசி உறுமத் தொடங்கியது. தவறவில்லை.

வழி நெடுக பைக்கில் திட்டிக்கொண்டே வந்தான். இவனெல்லாம் ஒரு மனுஷனா. பெற்ற பிள்ளை தகப்பன் வருகிறான் என்று கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறதே, இவன் தின்கிற சோறு எப்படித் தொண்டையில் இறங்குகிறது. நாலு அறை கொடுக்க வேண்டும் இவனுக்கெல்லாம்.

அவன் தெருவுக்குள் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. தூரத்திலிருந்தே அவன் வீட்டுச் சிரிப்பு கேட்டது. மனைவியும் பிள்ளைகளும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு மனசு இளகியது. நாமும் போய் அதில் சேர்ந்துகொள்ளலாம் என்று வேகத்தைக் கூட்டினான்.

வாசலில் பைக்கை நிறுத்தினான்.

சிரிப்பு நின்றது. சின்னக் கால்கள் தடதடவென்று ஓடின. உள்ளே எங்கோ ஒரு தாழ்ப்பாள் விழுந்தது.