அந்த ஒரு கை

அன்றைக்குப் பாட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கள்: ஆனிமேரி டீச்சர், பேங்க்கில் வேலை பார்க்கும் ஜெஸி, காலேஜில் படிக்கும் அவள் தங்கை ஆஷ்லின், ஆட்டோ ஓட்டும் ஜெயபாண்டி, ஆரப்பாளையத்தில் தையல்கடை வைத்திருக்கும் கண்ணுச்சாமி. பாடுகிறவர்கள் இந்த ஐந்து பேர். பாட வைக்கிற கொயர் மாஸ்டர் கிறிஸ்துராஜ். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் பாஸ்டர் ஸ்டீவ். ஆக, ஏழு பேர்.

கீபோர்டு வாசிக்கிற ஆன்சன் வரவில்லை. மறுநாள் அவனுக்குப் பரீட்சை. பேச்சு அவனைப் பற்றித்தான்.

"இந்த வருஷக் கிறிஸ்துமஸ் கேரலை ஆன்சன் நடத்தட்டுமேன்னு ஒரு யோசனை" என்றார் பாஸ்டர்.

கிறிஸ்துராஜுக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷமாகக் கேரலை நடத்துகிறவர் அவர்தான்.

"யாரு யோசனை?"

"சபையில சில பேர் சொல்றாங்க, சார்."

"சபை கிடக்கட்டும். பாடுறது இவங்கதானே? இவங்களைக் கேளுங்க. அம்புட்டுப் பேரும் என் பேரைத்தான் சொல்லுவாங்க."

ஐந்து பேரும் வேகமாகத் தலையாட்டினார்கள்.

பாஸ்டர் சிரித்தார். "மூஞ்சிக்கு நேரா கேட்டா அப்படித்தான் சார் ஆட்டுவாங்க. ஜெபத்துக்கு மூடுற மாதிரி எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. கையை மட்டும் தூக்குங்க. நான் எண்ணிக்கிறேன். சார், நீங்களும் மூடணும்."

மூடினார்கள்.

"ஆன்சன் நடத்தட்டும்ங்கிறவங்க... சரி, இறக்கிக்கோங்க. கிறிஸ்துராஜ் சாரே நடத்தட்டும்ங்கிறவங்க..."

ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கண்ணைத் திறக்கலாம். ஆன்சனுக்கு நாலு. சாருக்கு ஒண்ணு."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கிறிஸ்துராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வெளியே வந்துவிட்டார்.

சர்ச் கேட் பக்கத்தில் ஜெஸி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், அந்த ஒரு கை என் கைதான். வெளிய சொல்லிறாதீங்க. மத்தவங்க இப்படிப் பண்ணுவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஒரு ஆளாவது இருக்கிறதே.

சாயந்திரம் டீக்கடையில் ஜெயபாண்டி வந்து ஒட்டி உட்கார்ந்தான்.

"அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. அந்த ஒண்ணு யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான்."

"நீயா?"

"பின்னே? துரோகம் பண்ண நான் என்ன கண்ணுச்சாமியா?"

டீக்குக் காசும் அவனே கொடுத்தான்.

மறுநாள் காலையில் அந்தக் கண்ணுச்சாமியே வீட்டுக்கு வந்தார்.

"பாஸ்டர் கண்ணுக்குத் தெரியாமப் போயிருமோன்னு நல்லா உசத்தித் தூக்குனேன், அண்ணே. இன்னும் தோள்பட்டை வலிக்குது."

"பாவம். தைலம் தடவுனீங்களா?"

"தடவிட்டேன்" என்றார் கண்ணுச்சாமி.

மத்தியானம் ஆனிமேரி டீச்சர் போன் பண்ணி அழுதார். "ரெண்டு கையும் தூக்கலாம்னா ரெண்டையும் தூக்கியிருப்பேன், அண்ணே."

ராத்திரி ஆஷ்லினிடமிருந்து வாட்ஸ்அப். கை தூக்கின மாதிரி ஒரு படம். அதற்குக் கீழே, 'நான்தான் அங்கிள். அக்காகிட்டச் சொல்லிறாதீங்க.'

அதோடு கிறிஸ்துராஜுக்கு வருத்தம் போய்விட்டது. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. பாடுகிறவர்களே ஐந்து பேர்தான். ஐந்து பேரும் எனக்குக் கை தூக்கியிருந்தால், ஆன்சனுக்கு நாலு கை எங்கிருந்து முளைத்தது?

ஆன்சன் யார்? பாஸ்டரின் மச்சினன். அப்புறம் கேட்க வேண்டுமா!

விடிந்ததும் பாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வாங்க சார். காபி சாப்பிடுறீங்களா?"

"காபி குடிக்க வரல. நீங்க எண்ணுனது தப்பு."

"என்ன சார் சொல்றீங்க?"

"அஞ்சு பேரும் எங்கிட்டத் தனித்தனியா சொல்லிட்டாங்க, எனக்குத்தான் கை தூக்குனோம்னு. நீங்க ஒண்ணுன்னு சொன்னீங்க. எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லிட்டு, மச்சினனுக்காகக் கணக்கை மாத்திட்டீங்க."

பாஸ்டர் வாசலைப் பார்த்தபடி நின்றார்.

"மாத்துனீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"மாத்துனேன், சார்."

கிறிஸ்துராஜுக்கே தூக்கிவாரிப் போட்டது. இப்படிச் சட்டென்று ஒத்துக்கொள்வார் என்று அவர் நினைக்கவில்லை.

"பிரசங்க மேடையில நிக்கிறவர் செய்யுற வேலையா இது? ஞாயித்துக்கிழமை கமிட்டியில வைக்கிறேன். கண்ணைத் திறந்துக்கிட்டு எல்லாரும் மறுபடி கை தூக்கட்டும்."

"வேண்டாம் சார். விட்டுருங்க. கேரலை நீங்களே நடத்துங்க, ஆன்சன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"பயமா இருக்கோ?"

"எனக்காகச் சொல்லல, சார்."

"எனக்குப் பிச்சை வேண்டாம், பாஸ்டர். கணக்குன்னா கணக்கா இருக்கணும். உள்ளபடி எனக்கு எம்புட்டுக் கை? அதைச் சொல்லுங்க."

 பாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நீங்க உக்காந்திருந்ததைப் பாத்தேன், சார். உள்ளதைச் சொல்ல மனசு வரல. ஆன்சனுக்குத் தூக்குன கையில ஒண்ணை எடுத்து உங்க பக்கம் சேத்துட்டேன்."

கிறிஸ்துராஜ் வாசற்படியில் நின்றபடியே கழித்துப் பார்த்தார்.

ஒன்றில் ஒன்று போக, மிச்சம் பூஜ்யம்.