ஆல்பர்ட்டின் ஒன்பது

ஆல்பர்ட் தன் பிட்காயின் சாவியை மூன்று தாள்களில் பிரித்து எழுதியிருந்தான். எந்த இரண்டு சேர்ந்தாலும் மீட்டுவிடலாம். அவன் இறந்தபின் ஒரு தாள் வெள்ளத்தில் போனது. இன்னொன்று மனைவி பியூலாவிடம் இருந்தது. மற்றது, அவளோடு ஏழு ஆண்டுகளாகப் பேசாத அவன் தங்கை ஜெசிந்தாவிடம். கடனிலிருந்து வீட்டைக் காப்பாற்ற வேறு வழியில்லை. இருவரும் மேசையில் அமர்ந்து, இரு தாள்களின் எழுத்துகளை இணைத்துக் கணக்கிட அவன் செய்துவைத்த அட்டைச் சக்கரத்தைத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தார்கள். முடிவில், பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எழுத்துகள் பொருந்தவில்லை. பியூலா தலையில் கைவைத்தாள். ஜெசிந்தா அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இது g இல்ல மைனி. அண்ணன் ஒன்பதை இப்படித்தான் எழுதுவான்."

மறுபடி சேர்த்தார்கள். பொருந்தியது. பியூலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"சாப்பிட்டுட்டுப் போ, ஜெசி."

ஜெசிந்தா அதுவரை தோளிலேயே கிடந்த கைப்பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.