வருடம் போடாத கேள்வி

மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள இன்டர்நெட் கடையில் என் கணவர் ஆறிப்போன பிளேன்டீயைக் குடித்து முடிக்கிறார். இரண்டாயிரத்து எட்டு, ஐப்பசி மழை. என் தம்பி கடனில் லொறி வாங்கியபோது இவர் பிணைக் கையெழுத்து வைத்தார். தம்பி எங்கேயோ போய்விட்டான். அந்தப் பழைய கடனுக்கு எங்கள் வீட்டை எடுக்கப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. இனியும் கட்டத்தான் வேண்டுமா என்று, சட்டம் தெரிந்தவர்கள் பதில் போடும், யாரும் படிக்கக்கூடிய இணையப் பக்கத்தில், ஆங்கில எழுத்தில் தமிழை ஒற்றை விரலால் தட்டுகிறார். பக்கத்துத் தடுப்பில் ஒருத்தி டுபாயிலிருக்கும் மகளோடு பேசிச் சத்தமாகச் சிரிக்கிறாள்.

"கையெழுத்து வச்சது எந்த வருசம்னு போடுங்க."

"போட்டா தெரிஞ்சிடும் புள்ள. அந்த வருசம் நம்ம தேயிலத் தோட்டத்துல லொறி வாங்குனது ஒன் தம்பி மட்டுந்தான்."

"வீடே போகப்போவுது, இப்பவும் அவன் மானமா?"

"மச்சானாச்சே," என்று சிரிக்கிறார்.

பஸ்ஸுக்கு நிற்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் நிற்கவில்லை.

கருமாதி முடிந்து அதே கடையில் உட்காருகிறேன். யாரோ பதில் போட்டிருக்கிறார்: 'கையெழுத்திட்ட வருடத்தைச் சொல்லுங்கள். மிகப் பழையதென்றால் கட்ட வேண்டியிருக்காது.' எனக்கு வருடம் தெரியும். தட்டுகிறேன். பிறகு அழிக்கிறேன்.

வீடு போய்விட்டது. அந்தக் கேள்வியில் இன்றும் வருடம் இல்லை.