விளிம்பில் திருநீறு

அப்பாவின் ஒரு கால் படகில் இருந்தது. இன்னொரு கால் கரையில்.

பவதாரணி தண்ணீர் ஓரத்துக்கே வந்துவிட்டாள்.

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக் குளம் அது. வந்து தங்குகிறவர்கள் ஏறிச் சுற்றத் தோட்டத்துக்காரர்கள் ஒரு பைபர் படகு கேட்டிருந்தார்கள். போடியில் பட்டறை வைத்திருக்கும் அப்பா முத்துக்கண்ணன் அதைச் செய்து, காலையில்தான் லோடு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

எந்தப் படகானாலும் முதலில் அவர்தான் ஏறுவார். தனியாக நடுக்குளம் வரைக்கும் போய் வருவார். நீச்சல் மட்டும் தெரியாது.

அம்மா செல்லக்கிளி கரையில் நின்று, பிள்ளையை வெளியூருக்கு அனுப்புகிறவள் மாதிரி படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிபன் தூக்கானாலும் சரி, படகானாலும் சரி, அவள் கையால் திருநீறு பூசாமல் வீட்டை விட்டுப் போகாது.

அதுதான் வினை.

முந்தாநாள் படகின் அடிக்கூட்டையும் மேல்கூட்டையும் ஒட்டுகிற சோலி. அப்பா இரண்டின் விளிம்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தின்னரால் துடைத்தார்.

"தூசி பட்டாப் பசை பிடிக்காது. ஒருத்தரும் கிட்ட வரப்படாது."

சத்தம் போட்டுவிட்டு, பட்டறைக் கதவைக்கூடச் சாத்தாமல் டீக்கடைக்குப் போனார். வீட்டில் சுக்குக்காப்பியைத் தவிர எதையும் தொடாத மனுஷன்.

அவர் தலை மறைந்ததும் அம்மா உள்ளே நுழைந்தாள். விளிம்பு நெடுகத் திருநீறைப் பூசினாள். வெள்ளை விளிம்பில் வெள்ளைத் திருநீறு. பூசிய தடமே தெரியவில்லை.

பவதாரணி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். சொல்ல வாய் வரவில்லை. பட்டறைக்குள் திருநீறு கொண்டுவந்ததற்காக முன்னொரு தடவை மூண்ட சண்டையில், இரண்டு பேரும் ஒரு மாசம் பேசிக்கொள்ளவில்லை. 'உங்கப்பன்ட்டச் சொல்லு', 'உங்காத்தாகிட்டச் சொல்லு' என்று நடுவில் கிடந்து அல்லாடியவள் இவள்தான்.

டியூஷன் முடிந்து வந்தபோது படகு ஒட்டி முடிந்திருந்தது.

இப்போது அப்பா இரண்டாவது காலையும் தூக்கினார்.

பவதாரணி செருப்போடு தண்ணீருக்குள் ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறாதீங்கப்பா. நீங்க டீ குடிக்கப் போனப்ப அம்மா விளிம்புல திருநீறு பூசிருச்சு. பாத்துட்டுச் சொல்லாம இருந்துட்டேன்."

அப்பா கரையைப் பார்த்தார். பிறகு குனிந்தார்.

"மெள்ளப் பேசு கழுத. உங்காத்தா காதுல விழுந்துறப் போகுது. வந்து மறுக்கா தேச்சுத் தொடச்சிட்டுத்தான் ஒட்டுனேன். ஒவ்வொரு படகுக்கும் இதே சோலிதான்."

"பூசும்போதே தடுக்க வேண்டியதுதானப்பா?"

படகு ஆடியது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த காலையும் உள்ளே வைத்தார்.

"அவ பூசட்டும்னுதானத்தா நா டீ குடிக்கவே போறேன்."