அஞ்சு மணி வரைக்கும் தூக்கம்

இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் மீசை இன்றைக்கே உதிரட்டும்!

பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய நாடுகளின் தூதர்கள் கூடி, வெளிநாட்டு விவகாரமும் பாதுகாப்பும் பேசும் குழு ஒன்று உண்டு. அவர்களுக்குக் காப்பி ஊற்றியே நரைத்தவன் நான்.

அங்கே ஒரு வழக்கம். தீர்மானத்தை எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுவார்கள். கெடுவுக்குள் யாரும் வாய் திறக்காவிட்டால் நிறைவேறியதாகக் கணக்கு. ஒரே ஒரு நாடு 'கூடாது' என்றாலும் போச்சு.

அன்றைக்கு விஷயம், குண்டு விழும் ஒரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட காயம்பட்டவர்களை ஏற்றிவரக் கப்பல் அனுப்புவது. கெடு, மாலை ஐந்து மணி. நாள் கணக்காகப் பேசிப் பேசி எல்லார் முகமும் பிழிந்த துணி மாதிரி இருந்தது.

ஆன்செல்ம் என்று ஒரு குட்டி நாட்டுத் தூதர். நாலரைக்கு என் காப்பி மேடைக்குப் பக்கத்துச் சோபாவில் சாய்ந்தார். விட்டார் பாருங்கள் ஒரு குறட்டை! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்ப் பூங்காவில் புறாக்கள் கிளம்பிப் பறந்தன.

"இது ஒண்ணுதான் எல்லா மொழியிலயும் ஒரே மாதிரி" என்றார் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்.

அவருடைய துணைத் தூதர் ரெனாட்டா போனும் கையுமாக ஓடிவந்தார்.

"சார், எழுந்திருங்க சார்! அமைச்சர் லைன்ல இருக்காரு. கப்பல் கூடாதுன்னு உடனே எழுதி அனுப்பணுமாம். நீங்க சொல்லாம நான் அனுப்ப முடியாது சார்!"

உலுக்கினார். தூதர் புரண்டு படுத்தார்.

போனில் அமைச்சர் கத்தியது எனக்கே கேட்டது. "மூஞ்சில தண்ணி ஊத்தும்மா!"

"ஊத்திட்டேன் சார். வாயைத் துடைச்சிட்டு மறுபடி தூங்கறாரு!"

அந்தப் பக்கம் வந்த குழுத் தலைவி ஓட்டிலியா தலையில் அடித்துக்கொண்டார். "அங்க ஜனங்க சாகுது, இந்தாளு குறட்டை விடறான். வெட்கமா இல்ல?"

ஐந்து அடித்தது. யாரும் 'கூடாது' என்று சொல்லவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

தூதர் கொட்டாவி விட்டு எழுந்தார். "அடடா, அஞ்சாயிடுச்சா?"

அந்த வாரமே அவரை ஊருக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். 'தூங்குமூஞ்சித் தூதர்' என்று பத்திரிகைகளில் கேலிப்படம். கப்பலில் கரை சேர்ந்தவர்களைப் பற்றி ஒருவரும் படம் போடவில்லை.

சோபாவில் சாய்வதற்கு முன் அவர் என் காதோரம் வந்து சொன்னதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

"பெரியவரே, இருக்கறதுலயே கடுங்காப்பியா ரெண்டு கோப்பை குடுங்க. கண்ணசந்துட்டேன்னா ரெனாட்டா ஒரே உலுக்குல எழுப்பிடுவா. அஞ்சு மணி வரைக்கும் நான் முழிச்சிருந்தாகணும்."

நான் சொன்னேன் என்று மட்டும் வெளியே மூச்சு விடாதீர்கள். அந்த மனுஷன் தூங்கினதாகவே இருக்கட்டும்.